முதல் முப்பது வாக்கியம்

மொழி கற்பது பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன இதழில் அறிவித்திருந்தார்கள். வந்த கடிதங்களை ஒரு மஞ்சப்பையில் போட்டு என் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டு நாள் திண்ணையில் உட்கார்ந்து படித்தேன். ஜெர்மன், மலையாளம், இந்தி, ஆங்கிலம், ஜப்பான் மொழி என்று ஆளுக்கு ஒன்று கேட்கிறார்கள். ஆனால் எல்லாக் கடிதத்திலும் ஒரு சொல் தவறாமல் இருக்கிறது: ‘சீக்கிரம்’.

என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி முப்பத்தொரு வருடம் சுற்றுலா வழிகாட்டியாக இருந்தவன் நான். பிறந்து வளர்ந்தது திருமலை நாயக்கர் மகாலுக்குப் பின்னால். வீட்டில் சௌராஷ்டிரம், தெருவில் தமிழ், பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம். பிரெஞ்சு கற்றது 29 வயதில். மலையாளமும் இந்தியும் அதற்கும் பிறகு. மொழியியல் படித்தவன் அல்லன். சோற்றுக்காக மொழி கற்றவன். அந்த அனுபவத்திலிருந்துதான் பதில் சொல்கிறேன்.

கேள்வி: மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். வயது 26. ஜெர்மனியில் வேலைக்குப் போக பி2 நிலை (ஆறு நிலைகளில் நான்காவது) ஜெர்மன் வேண்டும். ஆறே மாதத்தில் பி2 என்று சொல்லித்தான் பயிற்சி மையத்தில் பணம் கட்டச் சொன்னார்கள். ஏழு வாரம் ஆகிவிட்டது. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ஆண்பால், பெண்பால் காட்ட வரும் டேர், டீ, டாஸ் அட்டவணை முழுவதும் மனப்பாடம். ஆனால் ஆசிரியை ஒரு கேள்வி கேட்டால் வாயே வர மாட்டேன் என்கிறது. எனக்கு மொழி வராதோ? — ஒரு வாசகி, உசிலம்பட்டி

வரும் அம்மா, கட்டாயம் வரும். முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். உங்கள் பயத்தில் பாதி அந்த ‘ஆறு மாதம்’ என்ற பேச்சால் வந்தது.

ஜெர்மன் தேர்வுகளை நடத்தும் கோத்தே நிறுவனத்தின் கணக்குப்படி, பி2 வரை வருவதற்கு 45 நிமிடப் பாடவேளைகள் 600 முதல் 800 வரை ஆகும். மணிக்கணக்கில் சொன்னால் 450 முதல் 600 மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை விட்டு ஆறு மாதம் என்றால் சுமார் 155 நாள். அப்படியானால் தினமும் மூன்றிலிருந்து நான்கு மணி நேரம் வகுப்பிலேயே இருக்க வேண்டும். வீட்டில் படிப்பது தனி. நீங்கள் நைட் டியூட்டி பார்த்துவிட்டு உசிலம்பட்டிக்கு பஸ் ஏறுகிறவர். உங்களால் முடியவில்லை என்றால் குறை உங்களிடம் இல்லை. வேலையையும் விடாமல் படிப்பதற்கு ஒரு வருடம், பதினாலு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு நம் தமிழைக் கற்பிக்க 44 வாரம், சுமார் 1100 வகுப்பு மணி நேரம் ஒதுக்குகிறது. அவர்களுக்கு அந்த நாட்களில் வேறு வேலையே கிடையாது.

சரி, வாய் ஏன் வரவில்லை? உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு 1991-ஆம் வருடம்தான் நினைவுக்கு வந்தது. அப்போது பிரெஞ்சுக்காரர்கள் கூட்டமாக மதுரைக்கு வருவார்கள். பிரெஞ்சு தெரிந்த வழிகாட்டி சென்னையிலிருந்தே கூட வருவார். உள்ளூர்க்காரனான நான் டிக்கெட் எடுத்துக் கொடுத்து, குடை பிடித்துக்கொண்டு பின்னால் நடப்பேன். பொறுக்காமல் ஒரு பழைய இலக்கணப் புத்தகம் வாங்கி நான்கு மாதம் படித்தேன். வினைச்சொல் விகுதிகள் எல்லாம் தலைகீழாகத் தெரியும். ஒருநாள் அஷ்டசக்தி மண்டபத்துக்கு வெளியே ஒரு அம்மாள் கையில் செருப்பைப் பிடித்துக்கொண்டு என்னிடம் ஏதோ கேட்டார். எங்கே விடுவது என்றுதான் கேட்டிருப்பார், வேறென்ன? அதற்கு ஒரு பதில் என் வாயிலிருந்து வரவில்லை. நான்கு மாதப் படிப்பில் செருப்பு என்ற சொல்லே இல்லை.

அப்போது எஸ்.எஸ். காலனியில் மகள் வீட்டோடு வந்து தங்கியிருந்த ஒரு பாண்டிச்சேரி ஆசிரியை எனக்கு வழி காட்டினார். புத்தகத்தை மூடி வைக்கச் சொன்னார். “நீங்கள் ஒரு நாள் முழுக்க வாயால் என்னென்ன பேசுகிறீர்களோ அதைத் தமிழில் எழுதிக்கொண்டு வாருங்கள். அதற்கு மேல் ஒரு வரி வேண்டாம்” என்றார். எழுதிப் பார்த்தால் முப்பது வாக்கியத்தில் என் பிழைப்பு அடங்கிவிட்டது. செருப்பை இங்கே விடலாம். பதினாலு கோபுரங்களில் தெற்குக் கோபுரம்தான் உயரம், சுமார் 170 அடி. பெயர் ஆயிரங்கால் மண்டபம், தூண்கள் 985. இந்தப் படியில் வழுக்கும், பார்த்து வாருங்கள். ஐந்து நிமிடம் நிழலில் நிற்போம். மன்னிக்கவும், கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள். இப்படி முப்பது.

அவர் அதைப் பிரெஞ்சில் ஒரு கேசட்டில் பேசிக் கொடுத்தார். ஒவ்வொன்றையும் முதலில் நிதானமாக, பிறகு சாதாரண வேகத்தில். காலை ஐந்து மணிக்கு மாரியம்மன் தெப்பக்குளத்துப் படிக்கட்டில் போய் உட்காருவேன். நடைப்பயிற்சிக்காரர்கள் வருவதற்கு முன் எனக்கு ஒரு மணி நேரம். முதல் வாரம் ஒரு வாக்கியம் கேட்பது, நிறுத்துவது, சொல்வது. இரண்டாம் வாரம் நிறுத்தாமல், அவர் குரலோடு ஒட்டிக்கொண்டே சொல்வது. பஜனையில் முன்னால் பாடுகிறவரின் வாயைப் பார்த்து நாமும் கூடவே பாடுவோமே, அப்படி. அர்த்தத்தைப் பற்றிக்கூட அப்போது யோசிப்பதில்லை. நாக்கும் உதடும் மூச்சும் அந்த ஓட்டத்துக்குப் பழக வேண்டும், அவ்வளவுதான். அந்தக் கேசட்டில் பதினோராவது வாக்கியத்துக்கு நடுவே அவர் வீட்டுக் குக்கர் விசில் அடிக்கும். இப்போது அந்த வாக்கியத்தைச் சொன்னாலும் அந்த இடத்தில் எனக்கு விசில் கேட்கிறது. மூன்று வாரத்தில் முப்பதும் வாயில் ஏறிவிட்டன. மொழி வந்துவிட்டதா என்றால் இல்லை. ஆனால் வாய் திறந்துவிட்டது. திறந்த வாய்க்குள் மற்றதெல்லாம் வந்து சேர ஒன்றரை வருடம் ஆயிற்று.

அதனால் நீங்கள் இன்றைக்கே செய்ய வேண்டியது இது. வார்டில் ஒரு ஷிப்டில் நோயாளியிடம் என்னென்ன பேசுகிறீர்கள் என்று தமிழில் எழுதுங்கள். எங்கே வலிக்கிறது? — வோ டூட் எஸ் வே? வலி இருக்கிறதா? — ஹாபன் ஸீ ஷ்மெர்ட்ஸன்? இப்போது பிரஷர் பார்க்கப் போகிறேன் — இஷ் மெஸ்ஸ யெட்ஸ்ட் ஈரன் ப்ளூட்ட்ருக். மெதுவாகச் சொல்லுங்கள் — லாங்ஸாமர், பிட்ட. இப்படி முப்பது தேறியதும் உங்கள் ஆசிரியையிடமே போனில் பேசிப் பதியச் சொல்லுங்கள். நான் தமிழ் எழுத்தில் எழுதியிருப்பது ஒரு கோடு காட்ட மட்டும். உச்சரிப்பை அவர் குரலிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

டேர், டீ, டாஸ் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முதல் தடவை தனியாக ஒரு பிரெஞ்சுக் குழுவைக் கூட்டிப் போனபோது தெற்குக் கோபுரத்தைக் காட்டி “லெ தூர்” என்றேன். ஒரு வயதான அம்மாள் என் தோளைத் தொட்டு, சிரித்த முகத்தோடு “லா தூர்” என்று திருத்தினார். ‘லா தூர்’ என்றால் கோபுரம். ‘லெ தூர்’ என்றால் ஒரு சுற்று, வலம். சொல் ஒன்றுதான். முன்னால் நிற்கும் அந்தச் சின்ன எழுத்தில் கோபுரமே மாறிவிடுகிறது. அன்றிலிருந்து எந்தப் பெயர்ச்சொல்லையும் தனியாக நான் கற்றதில்லை. ஜெர்மனிலும் ‘ப்ளூட்ட்ருக்’ என்று தனியாகப் படிக்காதீர்கள். ‘டேர் ப்ளூட்ட்ருக்’ என்றே ஒரே மூச்சில் சொல்லுங்கள். மேலே ‘ஈரன் ப்ளூட்ட்ருக்’ என்று வந்ததைப் பாருங்கள். அந்த ‘ஈரன்’ என்பதன் கடைசியில் இருக்கும் ‘அன்’ தான் உங்கள் அட்டவணையில் இரண்டாம் வேற்றுமைக் கட்டத்தில் இருப்பது. வாக்கியத்தை நூறு தடவை சொன்னவருக்கு அந்தக் கட்டம் தானாக வாயில் வரும். பிறகு அட்டவணையைத் திறந்தால் தெரிந்த முகத்தைப் பார்ப்பது போல இருக்கும்.

தமிழ் பேசுகிறவர்களுக்கு ஜெர்மனில் ஒரு பெரிய வசதி உண்டு. ‘டாஸ்’ (என்று; அட்டவணையில் வரும் டாஸ் வேறு), ‘வைல்’ (ஏனென்றால்) என்று தொடங்கும் துணை வாக்கியத்தில் வினைச்சொல் கடைசிக்குப் போய்விடும். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் இங்கே தடுமாறிப் போகிறார்கள். நமக்கு வினை கடைசியில் வருவதுதானே வழக்கம்! ‘வைல் இஷ் ஷ்மெர்ட்ஸன் ஹாப’ என்பதை ‘எனக்கு வலி இருப்பதால்’ என்று வைத்துப் பாருங்கள், முடிவது ‘இருப்பது’ என்ற இடத்தில்தான். அப்புறம் ‘ஊ’வின் தலையில் இரண்டு புள்ளி வைத்த எழுத்து. பிரெஞ்சிலும் இந்த ஒலி உண்டு. நாக்கால் ‘ஈ’ சொல்லுங்கள். நாக்கை அசைக்காமல் உதட்டை மட்டும் ‘ஊ’வுக்குக் குவியுங்கள். கண்ணாடி முன் நின்று நான்கு நாள் செய்தால் வந்துவிடும்.

சொற்கள் மறக்காமல் இருக்க ஒரு பெட்டி செய்யுங்கள். 1885-லேயே ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து எழுதினார். மறதி முதல் ஒன்றிரண்டு நாளில்தான் வேகமாக நடக்கிறது. 1972-ல் ஸெபாஸ்டியான் லைட்னர் அதற்கு ஒரு எளிய வழியைப் புத்தகமாக எழுதினார். ஐந்து அறை உள்ள பெட்டி. புதுச் சீட்டு முதல் அறையில். சரியாகச் சொன்னால் அடுத்த அறைக்கு. தவறினால், எந்த அறையில் இருந்தாலும் திரும்ப முதல் அறைக்கு. முதல் அறையைத் தினமும் பார்க்க வேண்டும், பின்னால் போகப் போக இடைவெளி கூடும். நான் எங்கள் வீட்டுச் சுங்குடிச் சேலை அட்டைப்பெட்டியில் தடுப்பு வைத்து, பழைய கல்யாணப் பத்திரிகைகளை நான்காக வெட்டிச் சீட்டு செய்தேன். பத்திரிகை அட்டை நல்ல கனம், வருடக்கணக்கில் மடங்காது. ஒரு நாளைக்குப் பத்துப் புதுச் சீட்டுக்கு மேல் வேண்டாம்.

உங்களோடு ஜெர்மன் படிக்கிற தோழி ஒருவர் அதே பஸ்ஸில் வந்தால் இன்னும் நல்லது. ஆரப்பாளையத்தில் ஏறினால் செக்கானூரணி வரை ஜெர்மன் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தப்பாகப் பேசுங்கள், ஆனால் பேசுங்கள். தேர்வில் படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பிரிவு. கோத்தே பி2 தேர்வில் தேறாத பிரிவை மட்டும் மறுபடி எழுத முடியும். அதனால் ஒரே நாளில் எல்லாம் போய்விடும் என்ற பயம் வேண்டாம்.

கேள்வி: தெற்கு மாசி வீதி ஜவுளிக்கடை ஒன்றில் ஒன்பது வருடமாகச் சேலைப் பிரிவில் இருக்கிறேன். கொச்சியில் புதிதாகத் திறக்கும் கிளைக்கு அடுத்த மாதம் போகச் சொல்கிறார்கள். ஒரே மாதத்தில் மலையாளம் கற்க முடியுமா அண்ணே? — ஒரு வாசகர், வில்லாபுரம்

கடையில் நின்று வியாபாரம் செய்யும் அளவுக்கு முடியும் தம்பி. உங்களுக்கு வேண்டிய மலையாளம் ஒரு கல்லாப்பெட்டிக்கும் ஒரு கண்ணாடிக்கும் நடுவே நடக்கிற பேச்சு. மேலே அந்தத் தங்கைக்குச் சொன்ன முப்பது வாக்கியம்தான் உங்களுக்கும்.

மலையாளத்தில் நமக்குப் பெரிய ஆறுதல், வினைமுற்று ஆளுக்கு ஆள் மாறாது. நாம் போனேன், போனாய், போனாள், போனார்கள் என்று மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அங்கே ஞான் போயி, நீ போயி, அவள் போயி, அவர் போயி. ‘போயி’ ஒன்றே எல்லோருக்கும்.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. தெரிந்த சொல் போலவே இருக்கும், பொருள் வேறாக இருக்கும். வாடிக்கையாளர் “வெள்ளம் வேணம்” என்றால் தண்ணீர் கேட்கிறார். “தமிழ் சம்சாரிக்குமோ?” என்றால் தமிழ் பேசுவீர்களா என்று பொருள். நம் பக்கம் சம்சாரி என்றால் விவசாயி, சம்சாரம் என்றால் மனைவி. உங்கள் சொந்த ஊர் பெயர் ‘பட்டி’ என்று முடிந்தால் கேட்கிறவர் முகம் ஒரு நொடி மாறும், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கே பட்டி என்றால் நாய். இந்த மாதிரிச் சொற்களுக்குத் தனியாக ஒரு சின்ன நோட்டு வையுங்கள். மலையாளத்தில் நாம் தடுக்கி விழுவதெல்லாம் இந்த நோட்டுக்குள் இருக்கும்.

உங்கள் முப்பதில் ஒரு சிலவற்றை நானே தருகிறேன். “எந்தாணு வேண்டத்?” என்ன வேண்டும். “ஏது நிறமாணு இஷ்டம்?” எந்த நிறம் பிடிக்கும். “வேறே காணிக்கட்டே?” வேறு காட்டட்டுமா. “மனசிலாயில்ல, ஒன்னு கூடி பறயூ.” புரியவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள். இந்தக் கடைசி வாக்கியத்தை முதல் நாளே கற்றுவிடுங்கள். இது தெரிந்தவனுக்கு வாடிக்கையாளரே ஆசிரியர் ஆகிவிடுவார். வயதில் மூத்த பெண்களைச் சேச்சி என்றும் ஆண்களைச் சேட்டா என்றும் கூப்பிடுங்கள். கசவு என்றால் ஜரிகை, கர என்றால் கரை. உங்கள் தொழிலில் பாதிச் சொல் நீங்கள் கேட்டவுடன் பிடிபடும்.

எழுத்தை விட்டுவிடாதீர்கள். நம் எழுத்தில் ஒரே ‘க’ இருக்கிற இடத்தில் மலையாளத்தில் நான்கு எழுத்து. தமிழில் குறிப்பெடுத்துக்கொண்டே போனால் ஒலி எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். தினம் நான்கு எழுத்து வீதம் எழுதிப் பழகினால் கிளம்புவதற்குள் பஸ் போர்டு படிக்கலாம்.

எனக்கு மலையாளம் கற்றுக் கொடுத்தவர் டவுன் ஹால் ரோட்டில் டீக்கடை வைத்திருந்த ஒரு பாலக்காட்டுக்காரர். கூட்டம் குறைகிற பதினோரு மணிக்குப் போவேன். ஒரு சாயா, ஐந்து சொல். அவர் கிளாஸ் கழுவிக்கொண்டே கேட்பார், நான் குடித்துக்கொண்டே சொல்வேன். மதுரையில் அப்படி ஒரு கடை இல்லாத பகுதியே கிடையாது. நாளைக்கே போய் உட்காருங்கள்.

கேள்வி: பொறியியல் கடைசி வருடம். கேம்பஸ் இன்டர்வியூவுக்காக இங்கிலீஷ் செயலியில் 200 நாள் விடாமல் பயிற்சி செய்துவிட்டேன். இன்னும் பேச வரவில்லை. வேறு நல்ல செயலி இருந்தால் சொல்லுங்கள். — ஒரு வாசகர், மேலூர்

செயலியை மாற்ற வேண்டாம் தம்பி. 200 நாள் விடாமல் செய்த உங்களுக்கு முயற்சியில் குறையே இல்லை. செயலி நான்கு விடை காட்டி ஒன்றைத் தொடச் சொல்கிறது. சரியானதை அடையாளம் காண விரலுக்குத் தெரிந்துவிட்டது. இன்டர்வியூவில் நான்கு விடை இருக்காது, நீங்களே ஒன்றை உண்டாக்க வேண்டும்.

உங்கள் புராஜெக்டைப் பற்றி இரண்டு நிமிடம் பேசி போனில் பதியுங்கள். கேளுங்கள். திணறிய இடத்துக்கு மட்டும் வாக்கியம் தேடுங்கள். மறுநாள் அதே இரண்டு நிமிடம். பத்து நாள் ஒரே விஷயம்தான், மாற்றக் கூடாது. வாரம் ஒருநாள் புது நத்தம் ரோட்டில் இருக்கிற கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு வாருங்கள். 2023 ஜூலையில் திறந்ததிலிருந்து நான் அடிக்கடி போகிறேன். குழந்தைகள் பகுதியில் படம் போட்ட ஆங்கிலப் புத்தகங்களைப் பாருங்கள். அவற்றில் வாக்கியங்கள் சின்னதாக, எளிதாக இருக்கும். நான்கு வரி மனதில் வாங்கிக்கொண்டு வெளியே வந்து சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவள். வயது 64. மகன் புனேயில் இருக்கிறான். ஐந்து வயதுப் பேரனுக்கு இந்தியும் ஆங்கிலமும்தான் வருகிறது. போனில் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஓடிவிடுகிறான். பேரனோடு பேச இந்தி கற்க ஆசை. இந்த வயதில் மண்டையில் ஏறுமா? பிராத்மிக் தேர்வில் சேரட்டுமா? — ஒரு வாசகி, திருமங்கலம்

உங்கள் கடிதத்தை மட்டும் மூன்று தடவை படித்தேன் அம்மா.

ஏறும். இளவட்டங்களுக்கு ஐந்து தடவையில் நிற்பது நமக்குப் பத்துத் தடவையில் நிற்கும், அவ்வளவுதான் வித்தியாசம். நாற்பது வருடம் முகவரி படித்தே பழகிய கண் உங்களுக்கு. எழுத்து சீக்கிரம் பிடிபடும். இந்திப் பிரச்சார சபை 1918-லிருந்து இருக்கிறது. பிராத்மிக், மத்யமா என்று வரிசையாக ஒழுங்கான பாடம், சேருங்கள். ஆனால் பேரனோடு பேசுவதற்கு அந்தப் பாடம் முடியும்வரை காத்திருக்காதீர்கள். அதற்குள் அவன் வளர்ந்துவிடுவான்.

தேவநாகரி எழுத்தை முதல் இரண்டு வாரத்திலேயே கற்றுவிடுங்கள். காரணம் சொல்கிறேன். தமிழில் ‘காலி’ என்று ஒரே மாதிரி எழுதக்கூடிய மூன்று சொல் இந்தியில் இருக்கின்றன. ஒன்றுக்குக் கறுப்பு என்று பொருள், ஒன்றுக்கு வெறுமை, இன்னொன்றுக்கு வசவு. முதல் எழுத்தில் மட்டும்தான் வேறுபாடு. வாய்க்கு நேரே ஒரு மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். கறுப்பு என்ற பொருளில் சொல்லும்போது காகிதம் ஆடக் கூடாது. வெறுமை என்ற பொருளில் சொல்லும்போது காற்று பட்டுக் காகிதம் ஆட வேண்டும். வசவுக்குரியது நாம் ‘தங்கம்’ என்னும்போது நடுவில் வருகிற ‘க’. காதுக்குப் பிடிபடாத வேறுபாட்டைக் காகிதம் கண்ணுக்குக் காட்டிக் கொடுக்கும்.

உயிரில்லாத பொருளுக்கும் ஆண்பால் பெண்பால் உண்டு என்பது நம்மைக் கொஞ்சம் படுத்தும். வீடு ஆண்பால், மேஜை பெண்பால். ‘படா கர்’, ‘படீ மேஜ்’ என்று பெரிய என்ற சொல்லோடு சேர்த்தே கற்றால் பால் தானாக ஒட்டிக்கொள்ளும். தப்பு வந்தால் வரட்டும். ஐந்து வயதுப் பிள்ளை பாட்டியிடம் இலக்கணம் பார்க்காது.

போனில் இனிமேல் ‘சாப்பிட்டியா, என்ன பண்றே’ என்று கேட்காதீர்கள். பிள்ளைகளுக்கு அந்தக் கேள்வி அலுப்பு. உங்கள் அஞ்சறைப் பெட்டியைத் திறந்து கேமரா முன்னால் வைத்து, ஒரு கிராம்பைத் தூக்கிக் காட்டி, “யே க்யா ஹை?” இது என்ன என்று கேளுங்கள். அவன் சொல்வான், தெரியாவிட்டால் அம்மாவிடம் ஓடிக் கேட்டு வந்து சொல்வான். அதை நீங்கள் திருப்பிச் சொல்லுங்கள். தப்பாகச் சொன்னால் அவனே திருத்துவான், பிள்ளைகளுக்குப் பெரியவர்களைத் திருத்துவதைப் போல ஆனந்தம் வேறில்லை. பிறகு நீங்கள் அதன் தமிழ்ப் பெயரைச் சொல்லுங்கள், அவன் சொல்லட்டும். ஒன்றுக்கு ஒன்று, பண்டமாற்று. ஒரு நாளைக்கு மூன்று பொருள். அஞ்சறைப் பெட்டி முடிந்தால் பூஜை அலமாரி, அதுவும் முடிந்தால் கொல்லை. தீபாவளிக்கு அவன் வரும்போது உங்கள் வீட்டுச் சாமான்கள் எல்லாம் அவனுக்குத் தமிழில் தெரிந்திருக்கும்.

கேள்வி: தமிழ்க் குடும்பத்தில் பிறந்து சௌராஷ்டிரக் குடும்பத்துக்கு மருமகளாக வந்திருக்கிறேன். எல்லோரும் என்னிடம் தமிழில்தான் பேசுகிறார்கள். ஆனால் அவர்களுக்குள் பேசிச் சிரிக்கும்போது நான் தனியாக நிற்கிறேன். கற்கப் புத்தகம் தேடினேன், கடையில் கிடைக்கவில்லை. செயலியும் இல்லை. வழி சொல்லுங்கள் ஐயா. — ஒரு வாசகி, காமராஜர் சாலை

உங்களுக்குப் பதில் எழுதும்போது எனக்குக் கை கொஞ்சம் நடுங்குகிறது அம்மா. எங்கள் வீட்டுப் பிள்ளைகளே பேசாமல் விட்டுக்கொண்டிருக்கிற மொழியைக் கற்க வேண்டும் என்று நீங்கள் கேட்கிறீர்கள்.

எங்கள் மொழி வடக்கிலிருந்து வந்தது, குஜராத்தி, மராத்தி வகையைச் சேர்ந்தது. நாயக்கர் காலத்தில் நெசவாளர்களோடு மதுரைக்கு வந்து, வழியெல்லாம் தெலுங்கும் கன்னடமும் தமிழும் சேர்த்துக்கொண்டது. தனி எழுத்தும் உண்டு, 2008-ல் கணினிக்கான யூனிகோடிலும் சேர்ந்துவிட்டது. ஆனால் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. எங்கள் வீடுகளில் மொழி இருப்பது நாக்கில் மட்டும்.

புத்தகம் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். இத்தாலியிலிருந்து வந்த இராபர்ட் தெ நொபிலி என்ற பாதிரியார் 1606-ல் இதே மதுரைக்கு வந்து தங்கித் தமிழ் கற்றார், பிறகு தமிழிலேயே நூல்கள் எழுதினார். அவர் வந்தபோது அச்சடித்த தமிழ் அகராதி ஒன்றுகூடக் கிடையாது. முதல் அகராதி அச்சேறியது 1679-ல்தான். அவருக்கு இருந்தது சுற்றியிருந்த மனிதர்கள். உங்களுக்கு ஒரு வீடு நிறைய இருக்கிறார்கள்.

மாமியாரிடம் நேராகப் போய்க் கேளுங்கள். “அத்தே, காலையில் ஒரு மணி நேரம் அடுப்படியில் என்னிடம் தமிழே பேசாதீர்கள்.” அவருக்கு முதலில் கூச்சமாக இருக்கும், தமிழுக்குத் தாவிவிடுவார். விடாதீர்கள். அடுப்படிப் பேச்சு கற்க எளிது. சொல்கிற பொருள் கண்முன்னே இருக்கும், சொன்னதைக் கையால் செய்து காட்டிவிடலாம். எடு, வை, கழுவு, அரை, ஊற்று, போதும், இன்னும் கொஞ்சம். ஏவல் வினையிலிருந்துதான் குழந்தைகளும் தொடங்குகின்றன. முதல் மாதம் நீங்கள் பதில் பேசக்கூட வேண்டாம், சொன்னதைச் செய்தால் போதும். காது நிறைந்த பிறகு வாய் வரும்.

பேசத் தொடங்கும்போது வீட்டில் சிரிப்பார்கள். அது கேலி இல்லை, எங்கள் மொழியை வெளியே இருந்து வந்த ஒரு வாயிலிருந்து கேட்கிற சந்தோஷம். எனக்குத் தெரியும். என் மனைவியும் தமிழ்க் குடும்பத்துப் பெண். கல்யாணமாகி ஏழாம் மாதம், சாயம் தோய்க்கிற கொப்பரைப் பக்கம் நின்றிருந்த என் அப்பாவிடம் போய், காபி ஆறுகிறது என்று எங்கள் மொழியில் சொன்னாள். அப்பா கை முழுக்கச் சிவப்புச் சாயத்தோடு அப்படியே நின்றுவிட்டார். பிறகு உள்ளே வந்து, கை கழுவாமலே தம்ளரை வாங்கினார். அந்தத் தம்ளரில் அவருடைய விரல் பட்ட இடம் நெடுநாள் போகாமல் இருந்தது.

உங்கள் மாமியாரிடம் தாலாட்டு ஏதாவது தெரியுமா என்று கேளுங்கள். தெரிந்தால் போனில் பதிந்து வையுங்கள். பதிந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், வந்து கேட்கிறேன்.